நாளை மதியம் 12 மணி

ராத்திரி ஒன்பதரைக்கு மேல் எனக்குச் சொந்தக்காரர்களிடமிருந்து போன் வந்தால் இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, யாரோ தவறிவிட்டார்கள். இல்லையென்றால் வரப்புத் தகராறு. 2024 மே 9-ம் தேதி, வியாழக்கிழமை ராத்திரி வந்த போனுக்கு மூன்றாவதாக ஒரு காரணம் இருந்தது.

"தம்பி, முழிச்சிருக்கியா?"

பெரியப்பா மகன். ரஞ்சன்குடியில் விவசாயம். என்னைவிட ஏழு வயசு மூத்தவர். கிணற்று மோட்டார் எரிந்துபோனாலும் 'பாத்துக்கலாம்' என்கிற ஆள். அவர் குரலில் அன்றைக்கு ஒரு பதற்றம்.

"மெட்ராஸ்லேருந்து ஒரு காலேஜ் வாலிபால் கோச்சு பேசினாரு. நம்ம பையனுக்கு ஃப்ரீ சீட்டாம். ஃபீஸ் கிடையாது, ஆஸ்டலுக்குக் கிடையாது, சாப்பாடு கிடையாது..."

"சாப்பாடு கிடையாதா?"

"காசு கிடையாதுங்கறேன்டா! நாளைக்கு மத்தியானம் பன்னண்டு மணிக்குள்ள ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டோட வந்து நிக்கணுமாம். இல்லேன்னா வேற பையனுக்குப் போயிடுமாம். வெள்ளன நாலு மணிக்குப் பஸ் ஏறினாத்தான் சரியா இருக்கும். நீ என்ன சொல்றே?"

ஒரு கல்யாணத்துக்காகத் திருச்சி வந்திருந்தேன். மறுநாள் அந்த வழியாகத்தான் சென்னை திரும்ப வேண்டும். "காலையில நான் வர்றேண்ணே. நான் வர்றதுக்குள்ள பஸ் ஏறிடாதீங்க" என்றேன். "அப்ப பன்னண்டு மணி?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால், அந்தப் பன்னிரண்டு மணியை எனக்கு நன்றாகத் தெரியும். 27 வருஷம் முன்னால் எங்கள் வீட்டுத் திண்ணையிலும் அது வந்து உட்கார்ந்திருக்கிறது.

1997. நான் ப்ளஸ் டூ முடித்திருந்தேன். பெரம்பலூர் தனி மாவட்டமாகி ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. ஊரில் புதுசு புதுசாகப் பெயர்ப்பலகைகள். நான் ஆடியது பூப்பந்து. மஞ்சள் கம்பளிப் பந்து, அணிக்கு ஐந்து பேர். தஞ்சாவூர் அரச குடும்பத்தில் பிறந்த ஆட்டம் என்று பி.டி. சார் சொல்லிக் கொடுத்த நாளிலிருந்து, எனக்குக் கொஞ்சம் ராஜ தோரணை வந்திருந்தது. மாநிலப் போட்டி வரை போய்த் தோற்றும் வந்திருந்தேன். அதைப் பார்த்த ஒரு கல்லூரியின் மாஸ்டர் புல்லட்டில் வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா போட்ட காபியை இரண்டு தடவை வாங்கிக் குடித்தார். "பையனை என்கிட்ட குடுத்துடுங்க. ஆனா, நாளைக்கே வந்து சேரணும். லிஸ்ட் க்ளோஸ் ஆவுது" என்றார். அப்பாவுக்கு வாசலில் ஒரு புல்லட் நின்றதே பெரிய கௌரவம். அலமாரியிலிருந்து டி.சி-யை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் 'சரி' என்றுதான் சொல்லியிருப்பேன் என்பது வேறு விஷயம்.

பத்து நாள் கழித்துத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. நான் படிக்க ஆசைப்பட்ட கல்லூரி. நேர்முகத் தேர்வுக்கு வரச் சொல்லி. முதல் கல்லூரிக்குப் போய் சர்ட்டிஃபிகேட்டைக் கேட்டோம். "மூணு வருஷ ஃபீஸையும் கட்டிட்டு வாங்கிட்டுப் போங்க" என்றார் குமாஸ்தா, தலையைக்கூட நிமிர்த்தாமல். அப்பா திரும்பி வரும் பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கேயே பி.காம். சேர்ந்தேன். அடுத்த ஜூனில் புல்லட் மாஸ்டர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். வந்த புது மாஸ்டருக்குக் கிரிக்கெட்தான் உயிர். எங்கள் பூப்பந்து மைதானம் சைக்கிள் ஸ்டாண்ட் ஆனது. இன்றைக்கு இன்கம்டாக்ஸ் படிவத்தைப் பார்த்து எனக்குப் பயம் வருவதில்லை என்றால் அதற்கு அந்தப் புல்லட்தான் காரணம்.

சரி, என் கதையை விடுங்கள்.

காலை ஏழு மணிக்கு ரஞ்சன்குடி போய்ச் சேர்ந்தேன். திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில் போகிறவர்கள், பெரம்பலூர் தாண்டி மங்களமேடு பக்கம் ஒரு கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். 'அட, செஞ்சி மாதிரி இருக்கே!' என்று சொல்லி முடிப்பதற்குள் வண்டி அதைக் கடந்திருக்கும். பதினேழாம் நூற்றாண்டில் ஆற்காடு நவாபுக்குக் கட்டுப்பட்ட ஒரு ஜாகீர்தார் கட்டியது என்பார்கள். அடுக்கடுக்காக மதில்கள், சுற்றிலும் அகழி, அரைவட்டக் கொத்தளங்கள். இப்போது தொல்லியல் துறையின் பராமரிப்பு. ஊர்ப் பையன்களுக்கு மட்டும் அது எப்போதும் அவர்கள் கொல்லைப்புறம்தான்.

அண்ணன் வீட்டு வாசலில் ஒரு துணிப்பை தயாராக இருந்தது. அதற்குள் பாலித்தீன் கவரில் மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், பாரதியார் தின விளையாட்டுப் போட்டியில் மாநில அளவில் ஆடிய சர்ட்டிஃபிகேட். பையன் டிராக் பேன்ட் போட்டு, தலை சீவி உட்கார்ந்திருந்தான். கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட முகத்தில் கொஞ்சம் சிரிப்பு இருக்கும். இவனுக்கு இல்லை.

"நாலு மணி பஸ்ஸை விட்டாச்சு. உன் கார்லயே போனா?" என்றார் அண்ணன், கடிகாரத்தைப் பார்த்தபடி.

"முதல்ல டீ குடுங்க அண்ணி" என்றேன்.

டிவியில் விளம்பரம். அன்றைக்கு அட்சய திருதியை. 'இன்று ஒரு நாள் மட்டும்' என்று ஒரு நகைக்கடைக்காரர் அடித்தொண்டையில் கத்திக்கொண்டிருந்தார். அண்ணன் அதைப் பார்த்து, "நாளைக்கு மட்டும் தங்கம் பித்தளையாவா போயிடும்?" என்று சிரித்தார். சிரித்துவிட்டு மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார்.

இங்கே அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயத்துக்குப் பேர் போனது. வெங்காயம் போடுகிறவன் எல்லாம் பிறவி வியாபாரி. அறுவடை நேரத்தில் களத்துக்கே வரும் வியாபாரி, 'லாரி நிக்குது, இப்பவே சொல்லுங்க' என்றுதான் ஆரம்பிப்பார். அண்ணன் அசையமாட்டார். தரையில் படாமல், காற்றுப் போக வழிவிட்டுக் கட்டிய பட்டறையில் வெங்காயத்தைக் கொட்டி மூடிவிட்டு, மாதக் கணக்கில் காத்திருப்பார். அழுகலைக் கழித்து, எடைக் குறைவையும் கழித்துக் கணக்குப் போட்டு, 'இன்னும் இருக்கட்டும்' என்பார். பி.காம். படித்த எனக்கே அந்தக் கணக்கு வராது. அப்படிப்பட்ட மனுஷன், பெற்ற பையன் விஷயத்தில் ஒரே ஒரு போனுக்குப் பையைக் கட்டிவிட்டார்.

ஏன்? வெங்காயத்துக்கு அவருக்கு விலை தெரியும். பையனுக்குத் தெரியாது. அவ்வளவுதான்!

'இன்னும் சில மணி நேரத்தில் பதில் சொல்' என்கிற தந்திரம் நம் ஊர்க் கண்டுபிடிப்பு இல்லை. 1940-களில் அமெரிக்க ஆஸ்பத்திரிகள் பயிற்சி டாக்டர்களைப் பிடிக்க ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. படிப்பு முடிய இரண்டு வருஷம் இருக்கும்போதே மாணவனிடம் 'எங்களிடம் வந்துவிடு' என்று பேசி முடித்தார்கள். பையன் நல்ல டாக்டராக வருவானா என்று யாருக்கும் தெரியாத நேரத்தில் பேரம் முடிந்துவிடும். எல்லோரும் கூடி, 'இத்தனாம் தேதிக்கு முன்னால் யாரும் தொடக் கூடாது' என்று கட்டுப்பாடு போட்டார்கள். அப்புறம் அந்தத் தேதியில் தந்தி பறக்கும். 'உடனே பதில் அனுப்பு, இல்லையேல் இடம் இல்லை.' யோசிக்க 12 மணி நேரம் கொடுக்கலாமா என்று பேச்சு வந்தபோது, 'அது ரொம்ப அதிகம்' என்று 1949-ல் தள்ளிவிட்டார்களாம். கடைசியில் 1952-ல், மாணவர்களும் ஆஸ்பத்திரிகளும் தங்கள் விருப்பப் பட்டியலைக் கொடுக்க, ஓர் இடத்தில் வைத்துப் பொருத்துகிற முறை வந்தது. இந்த விவகாரத்தையெல்லாம் தோண்டி எழுதிய ஆல்வின் ராத்துக்கு 2012-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. நம் அண்ணா பல்கலைக்கழகத்தில் 1997-ல் ஒற்றைச் சாளர முறை வந்ததற்கும் அடிப்படையில் இதே தலைவலிதான் காரணம். அதற்கு முன்னால் ஒவ்வொரு கல்லூரி வாசலிலும் போய் நின்றது, உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும்.

ஆனால், விளையாட்டுப் பிள்ளைகளுக்குச் சாளரம் ஒன்று இல்லை. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் இருக்கின்றன. பொதுக் கலந்தாய்வுக்கு முன்னாலேயே அவர்களைக் கூப்பிட்டும் விடுகிறார்கள். இருந்தாலும் அது ஜூலையில். தனியார் கல்லூரி கோச் போன் செய்வது, ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில். 2024-ல் ரிசல்ட் வந்தது மே 6. மூன்றே நாளில் அண்ணனுக்கு போன். மே மாதத்தில் கையில் இருக்கும் சீட்டை, ஜூலையில் வரலாம் வராமலும் போகலாம் என்கிற சீட்டுக்காக விடுவதற்குப் பணக்காரனால்தான் முடியும்.

இதே கூத்து இன்னும் பெரிதாக நடக்கும் இடம் அமெரிக்காவின் கல்லூரி பேஸ்பால். நம் ஆட்களுக்கு பேஸ்பால் என்றால், 2008-ல் ஒரு டிவி போட்டியில் ஜெயித்து பிட்ஸ்பர்க் அணியில் ஒப்பந்தமான ரிங்கு சிங், தினேஷ் படேல் ஞாபகம் வரலாம். உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர்கள். இவர்கள் கதையை 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்று ஹாலிவுட்டில் படமாகவே எடுத்தார்கள். அங்கேயே பிறந்த பையன்களுக்கு இப்படி லாட்டரி அடிப்பதில்லை. மீசை முளைக்காத வயசில், ஒன்பதாம் வகுப்பில், 'நான் அந்தக் கல்லூரிக்கு வருகிறேன்' என்று வாய்வார்த்தை கொடுத்துவிடுவார்கள். அது வெறும் வாய்வார்த்தைதான். கல்லூரியையும் கட்டுப்படுத்தாது, பையனையும் கட்டுப்படுத்தாது. ஆனால், பையன் மட்டும் அதைச் சத்தியமாக நினைத்துக்கொண்டு மற்ற கல்லூரிகளுக்கு 'நோ' சொல்லிவிடுவான். நடுவில் கோச் மாறினால் போச்சு! (புல்லட் மாஸ்டரே, கேட்கிறதா?) கூத்து எல்லை மீறியதால், பதினோராம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1-க்கு முன்னால் பேச்சே வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2023-ல் விதி போட்டார்கள். காசு விஷயம் இன்னும் வேடிக்கை. ரொம்ப காலம் ஒரு பேஸ்பால் அணிக்கு மொத்தமே 11.7 ஸ்காலர்ஷிப்தான். அந்தப் பதினொன்றே முக்காலுக்கும் குறைவானதை 27 பேர் வரைக்கும் பிய்த்துப் பிய்த்துக் கொடுப்பார்கள். 2025-ல் அந்தக் கணக்கை எடுத்துவிட்டு, அணிக்கு 34 பேருக்கு மேல் வைக்கக் கூடாது என்று மாற்றினார்கள். காசுக்கு இருந்த கதவைத் திறந்து, ஆளுக்கு இருந்த கதவைச் சாத்திய கதை.

நம் ஊரில் ஒன்பதாம் வகுப்புக்கே போக வேண்டாம். அரசு விளையாட்டு விடுதிகளுக்கு ஏழாம் வகுப்பிலேயே ஆள் எடுக்கிறார்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. சாப்பாடு, உடுப்பு, பயிற்சி, படிப்பு எல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். எத்தனையோ குடும்பங்களில் அடுப்பு எரிந்ததே அந்த விடுதியால்தான்.

டீ குடித்துவிட்டு, "வாடா, கோட்டைப் பக்கம் போயிட்டு வரலாம்" என்று பையனைக் கூப்பிட்டேன். அண்ணனுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. மணி எட்டரை.

மதில் மேல் ஏறி உட்கார்ந்தோம். கீழே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. எனக்கு அந்த இடத்தில் உட்கார்ந்தாலே 1751 ஞாபகம் வரும். பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லாத 'வாலிகொண்டா சண்டை' நடந்தது இந்த வட்டாரத்தில்தான். வாலிகண்டபுரத்தின் பெயர்தான் வெள்ளைக்காரன் வாயில் அப்படி ஆனது. சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரர்களும் திருச்சியைப் பிடிக்கப் போகிறார்கள். அவர்களை மறிக்க முகமது அலி பக்கம் நின்ற இங்கிலீஷ் படை வருகிறது. கோட்டை யார் கைக்குப் போகிறதோ அவர்களுக்கு வழி. இரண்டு பேரும் கோட்டைத் தலைவருக்கு ஆள் மேல் ஆள் விட்டார்கள். அவர் இரண்டு பேருக்கும் பிடி கொடுக்காமல் நாள் கணக்கில் இழுத்தடித்தார். 'யார் ஜெயிக்கிறான்னு பாத்துட்டுச் சொல்லலாம்' என்பது அவர் கணக்கு. இங்கிலீஷ்காரர்களுக்குப் பொறுமை போய்விட்டது. பேட்டையில் புகுந்து தாக்கினார்கள். கோட்டைத் தலைவர் உடனே பிரெஞ்சுப் பக்கம் சாய்ந்துவிட்டார். இங்கிலீஷ் படை கலைந்து திருச்சியை நோக்கிப் பின்வாங்கியது. அந்தப் படையில் ராபர்ட் கிளைவ் என்று ஓர் இளைஞனும் இருந்தான். அதே வருஷம் அவன் ஆற்காட்டில் போய் வேறு கணக்கைத் தீர்த்தது உங்களுக்குத் தெரியும்.

அவசரப்பட்டவன் கெட்டானா, இழுத்தடித்தவன் பிழைத்தானா? இரண்டு பக்கத்துக்கும் வாதாடலாம். பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். அவன் பாவம், "ம்" என்றான்.

"உனக்கு என்னடா வேணும்?" என்றேன்.

கொஞ்ச நேரம் கல்லைச் சுரண்டினான். அப்புறம் சொன்னான்: "சித்தப்பா, அந்தக் காலேஜ்ல ஏற்கெனவே ஒரு செட்டர் இருக்காரு. இப்ப ஃபர்ஸ்ட் இயர் முடிச்சிருக்காரு. யுனிவர்சிட்டி டீம் ஆடுறாரு. நான் போனா ரெண்டு வருஷம் பெஞ்சுதான்."

வாலிபாலில் அடிக்கிறவன் நாலைந்து பேர் இருக்கலாம். பந்தை எடுத்துக் கொடுக்கிற செட்டர் அநேகமாக ஒருத்தன்தான். ஆறு பேரில் இவன் இடத்துக்கு இன்னொருத்தனைச் சும்மா திணிக்க முடியாது. பல்கலைக்கழக அணியில் ஆடி, மற்ற பல்கலைக்கழகங்களோடு மோதினால்தான் வேலைக்கு உதவும் 'ஃபார்ம் 3' சான்றிதழ் கிடைக்கும். அரசு வேலையில் இருக்கும் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு அலைகிற பிள்ளைகளுக்கு இந்த ஃபார்ம் நம்பர்கள் எல்லாம் தலைகீழ்ப் பாடம். பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கு எந்த ஃபார்மும் கிடையாது.

"இதை அப்பாகிட்ட சொன்னியா?"

"அப்பா கேக்கலையே."

ராத்திரி முழுக்க அந்த வீட்டில் பஸ் நேரம் பேசியிருக்கிறார்கள். ஜெராக்ஸ் பற்றிப் பேசியிருக்கிறார்கள். எந்தச் சட்டை என்று பேசியிருக்கிறார்கள். ஆட்டத்தைப் பற்றி, ஆடுகிறவனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1997-ல் என்னிடம் கேட்காத அதே வார்த்தை!

இன்னொரு சங்கதியும் சொன்னான். திருச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில், 'ஜூன்ல ட்ரையல்ஸ் வெப்போம், வா பார்க்கலாம்' என்று சொல்லியிருக்கிறார்கள். அங்கே சீனியர் செட்டர் படிப்பு முடித்துப் போகிறார். ஆனால், முழு இலவசம் இருக்காது. எடுப்பார்களா என்பதே நிச்சயம் இல்லை.

வீட்டுக்கு வந்து, கோச்சுக்கு போன் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன். நான் எதிர்பார்த்த மாதிரி அவர் ஒன்றும் வில்லன் இல்லை. மரியாதையாகப் பேசினார். மூன்று கேள்வி கேட்டேன். செட்டர் எத்தனை பேர்? அடிபட்டு ஆட முடியாமல் போனால் ஃபீஸ் கட்டச் சொல்வீர்களா? சொன்னதை எழுதிக் கொடுப்பீர்களா?

"ரெண்டு செட்டர் இருக்காங்க சார். இவன் மூணாவது. எழுதிக் குடுக்கற பழக்கம் எங்க மேனேஜ்மென்ட்ல இல்லை" என்றார். அடிபட்டால் என்ற கேள்விக்கு மட்டும் கொஞ்சம் தயங்கினார். "நான் இருக்கற வரைக்கும் பாத்துக்குவேன் சார்" என்றார்.

நான் இருக்கற வரைக்கும். அவர் உண்மையைத்தான் சொன்னார் என்று இப்போதும் நம்புகிறேன். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஏன் சார் பன்னண்டு மணி?" என்று கேட்டேன். மனுஷன் மனசு விட்டார். "எனக்கு இவ்வளவு சீட்டுதான்னு குடுக்கறாங்க. போன வருஷம் ரெண்டு பசங்க வர்றேன்னு சொல்லிட்டு ஜூன்ல வேற காலேஜுக்குப் போயிட்டாங்க. செட்டர் இல்லாம டோர்னமென்ட் போனேன் சார். எனக்கும் ரிசல்ட் காட்டணும்ல?" அவர் தலைக்கு மேலும் ஒரு பன்னிரண்டு மணி தொங்கிக்கொண்டிருந்தது. "திங்கக்கிழமை வரைக்கும் குடுங்க சார்" என்றேன். பெருமூச்சு விட்டு, "சரி, முடிஞ்சா வெக்கிறேன்" என்றார்.

போனை வைத்ததும் அண்ணன் கேட்டார்: "போய்ச் சேந்துட்டு, பிடிக்கலேன்னா வந்துடலாம்ல?"

நியாயமான கேள்வி. 1997-ல் முடியாதது இன்று சட்டப்படி முடியும். ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018 அக்டோபரில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கட்டிய ஃபீஸுக்கும் கணக்கு உண்டு. சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாள் முன்னால் விலகினால் முழுப் பணமும் வரும், அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடித்தம். அதற்குப் பிறகு 90, 80, 50 சதவீதம் என்று குறையும். கடைசித் தேதி போய் 30 நாளுக்கு மேல் ஆனால் பூஜ்யம். (2024-25-க்கு அதையும் தளர்த்தி, செப்டம்பர் 30 வரை விலகினால் முழுப் பணமும் தர வேண்டும் என்று சொன்னது அதற்குப் பிறகுதான்.) இதையெல்லாம் அண்ணனிடம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "காலேஜ் ஆபீஸ்ல போய் நின்னு இதைச் சொல்ல நீ வருவியா?" என்றார். சர்ட்டிஃபிகேட்டை உள்ளே கொடுத்தவனுக்கும் வெளியே வைத்திருப்பவனுக்கும் குரல் வேறாகத்தான் இருக்கும்.

அண்ணிதான் ரேவதியைப் பற்றி ஆரம்பித்தார். மதுரை சக்கிமங்கலம் ரேவதி வீரமணி. சின்ன வயசிலேயே அப்பா, அம்மா போய், கூலி வேலை செய்த பாட்டி வளர்த்த பெண். வெறுங்காலில் ஓடியதைப் பார்த்த பயிற்சியாளர் கண்ணன், 'அனுப்புங்க' என்று கேட்டபோது பாட்டி முதலில் சம்மதிக்கவில்லை. அவர் விடவில்லை. பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்து, லேடி டோக் கல்லூரியில் இலவசமாக இடமும் விடுதியும் வாங்கிக் கொடுத்தார். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 4 x 400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் அந்தப் பெண் ஓடினாள். அதே அணியில் ஓடிய ஆரோக்கிய ராஜீவ், நமக்குப் பக்கத்து லால்குடிக்காரர்.

"அந்தப் பாட்டி மாதிரி யோசிச்சிட்டே இருந்தா எப்படித் தம்பி?" என்றார் அண்ணி.

எனக்கு அந்தக் கதை வேறு மாதிரி தெரிந்தது. பாட்டி வேண்டாம் என்றதும் அந்தப் பயிற்சியாளர் அடுத்த பெண்ணைத் தேடிப் போகவில்லை. திரும்பத் திரும்ப வந்தார். ஆனால், இதை அண்ணியிடம் சொல்லவில்லை. பையனுக்கு அப்படி ஒருத்தர் வருவார் என்று என்னால் எப்படிச் சொல்ல முடியும்?

மணி பதினொன்று ஐம்பது. அண்ணன் கடிகாரத்தின் எதிரே உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு அடித்தது. ஒன்றும் ஆகவில்லை. பையன் எழுந்து, டிராக் பேன்ட்டை மாற்றிக்கொண்டு பந்தை எடுத்துக்கொண்டு போனான். அண்ணன் துணிப்பையை அவிழ்த்து, சர்ட்டிஃபிகேட்டை ஒவ்வொன்றாக எடுத்து பீரோவில் வைத்தார். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

சனிக்கிழமை சாயங்காலம் கோச் போன் செய்தார். இடம் போய்விட்டது. "சொல்லிடலாம்னுதான் கூப்பிட்டேன்" என்றார். சொல்லாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். அந்த மனுஷன் நல்லவர்.

ஜூன் ட்ரையல்ஸில் எண்பது பேர் வந்திருந்தார்கள். பையன் பெயர் முதல் பட்டியலில் இல்லை. பத்து நாள் யாரும் தூங்கவில்லை. அண்ணன் என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். அப்புறம் ஒருத்தன் வராமல் போனதால் கூப்பிட்டார்கள். பாதி ஃபீஸ். விடுதிக்கு முழுசு. அண்ணன் ஒரு கறவை மாட்டை விற்றார். பையன் முதல் வருஷமே ஆறு பேரில் ஒருத்தனாக ஆடுகிறான். அந்தச் சென்னைக் கல்லூரி போன சீஸனில் கோப்பை வாங்கியது. இவனுக்குப் பதிலாகப் போன பையன் பெஞ்சிலிருந்து எழுந்து போட்டோவில் நின்றிருந்தான். அந்தப் போட்டோ அண்ணனுக்கு எப்படியோ வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. எனக்கு அனுப்பி வைத்தார். கீழே ஒன்றும் எழுதவில்லை.

ஊருக்குப் போகும்போதெல்லாம் அண்ணி மாட்டுக் கொட்டகைப் பக்கம் பார்த்துக்கொண்டு, "அன்னிக்கே குடுத்திருந்தா..." என்று ஆரம்பிப்பார். பையன், "நான் ஆடுறேன்ல, விடும்மா" என்பான். நான் டீயைக் குடித்துக்கொண்டிருப்பேன்.

போன வாரம் ராத்திரி ஒன்பதரைக்கு மேல் மறுபடியும் போன்.

"தம்பி, முழிச்சிருக்கியா? வியாபாரி வந்திருக்கான். பட்டறையோட எடுத்துக்கறேங்கறான். காலையில பத்து மணிக்குள்ள சொல்லணுமாம். விலை பரவாயில்ல. இன்னும் ஒரு மாசம் வெச்சா ஏறும்னு தோணுது. அழுகவும் அழுகும். நீ என்ன சொல்றே?"

முப்பது வருஷமாக வெங்காய விஷயத்தில் அவர் யாரிடமும் கேட்டதில்லை.

"அண்ணே, இதை மட்டும் என்கிட்ட கேக்காதீங்க" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சிரித்தார்.